உத்தம புத்திரன் (திரைப்படங்களின் ஒப்பீடு)

உத்தம புத்திரன் என்பது ஒரே கதையை அடிப்படையாகக் கொண்டு 1940 ஆம் ஆண்டிலும் 1958 ஆம் ஆண்டிலும் வெளிவந்த இரு தமிழ்த் திரைப்படங்களின் பெயராகும். முதல் படத்தில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பி. யு. சின்னப்பாவும், இரண்டாவது படத்தில் சிவாஜி கணேசனும் இரட்டை வேடத்தில் நடித்தனர். உருவத்தால் ஒத்த இரு அரச குமாரர்களில் ஒருவன் அரியணையில் அமர, மற்றவன் முகம் மறைக்கப்பட்டுச் சிறையில் கிடக்கும் இக்கதை பிரான்சு நாட்டிலிருந்து ஆலிவுட் வழியாகத் தமிழுக்கு வந்ததாகும். வந்த வழியில் கதையின் மையம் இடம் மாறியது. மூலக்கதையில் மையமாக இருந்தது முகமூடி. தமிழில் அந்த இடத்தைத் தாயும் மகனும் பெற்றனர். படத்தின் பெயரே இதைக் காட்டுகிறது.

மூலக்கதை

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1669 ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்ட ஒரு கைதி பல சிறைகளில் அடைக்கப்பட்டு, 1698 இல் பாரிசின் பாஸ்டில் சிறைக்குக் கொண்டு வரப்பட்டு, 1703 ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார். அவர் முகத்தை மறைத்திருந்தது கருப்பு வெல்வெட் துணியாலான மறைப்பு என்பதே அக்காலக் குறிப்புகளிலிருந்து தெரிவது. அது இரும்பாலானது என்னும் செய்தியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் வால்டேர் ஆவார். அக்கைதி மன்னரின் உடன்பிறந்தவர் என்னும் கருத்தையும் அவரே வளர்த்தார். அரசரின் முகத்தையே ஒத்த முகம் என்பதால்தான் அதனை மறைக்க வேண்டியிருந்தது என்னும் விளக்கம் மக்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வரலாற்று ஆய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை.

இவ்வதந்தியைக் கதையாக்கியவர் அலெக்சாந்தர் டூமா. 'மூன்று போர்வீரர்கள்' (1844) புதினத்தில் தொடங்கிய வரிசையின் கடைசிப் பகுதி 1847 முதல் 1850 வரை தொடராக வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதியே பின்னர் 'இரும்பு முகமூடி மனிதன்' என்னும் பெயரில் தனி நூலாகப் புகழ்பெற்றது. திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இப்புதினம் வியப்பளிக்கும். இதில் சிறையிலிருந்து மீட்கப்படும் பிலிப் ஒரே ஒரு நாள்தான் மன்னனாக இருக்கிறான். நிதி அமைச்சர் ஃபூக்கே உண்மையை அறிந்து, தமக்குப் பகைவரான லூயி மன்னரையே விடுவித்துவிடுகிறார். பிலிப் மீண்டும் சிறைக்கு அனுப்பப்படுகிறான். இரும்பு முகமூடி அவன் முகத்தில் ஏறுவதும் அப்போதுதான். நல்லவன் வெல்வதில்லை, சட்டப்படி முடிசூடியவன் வெல்கிறான்.

இம்முடிவை மாற்றியது ஆலிவுட். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து 1929 இல் வெளிவந்த படத்தில் இரட்டையர்களை விட வாள்வீரன் தார்த்தன்யானே முதன்மை பெற்றான். ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் 1939 இல் வெளிவந்த 'இரும்பு முகமூடி மனிதன்' படத்தில் லூயி ஹேவர்ட் இரு வேடங்களையும் ஏற்றார். இதில் லூயி கொடியவன். பிலிப் நாட்டுப்புறத்தில் வளர்ந்த நல்லவன். முகமூடிக்குள் தாடி வளர்ந்து அண்ணனையோ தம்பியையோ மூச்சடைக்கச் செய்யட்டும் என்பது அரசனின் எண்ணம். இறுதியில் முகமூடி இடம் மாறிக் கொடியவன் மீதே ஏறுகிறது. புதினத்தில் பெருந்தன்மையாளராக வரும் ஃபூக்கே இப்படத்தில் வில்லனாகிவிட்டார். தமிழ்ப் படங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது டூமாவின் புதினத்தைவிட இந்த 1939 ஆம் ஆண்டுப் படமே எனலாம்.

சித்திரக்கதைகளில் வரும் முகமூடி வீரர்களோடு இக்கதையின் நாயகனைச் சிலர் சேர்த்து எண்ணுவதுண்டு. இரண்டும் வேறு. லீ ஃபால்க் 1936 இல் படைத்ததும், ராணி காமிக்ஸ் வழியாகத் தமிழில் 'மாயாவி' என அறியப்பட்டதுமான வீரன் தானே விரும்பி முகத்தை மறைக்கிறான். மறைப்பதால் அவன் ஆற்றல் பெருகுகிறது. இரும்பு முகமூடி மனிதனுக்கோ அது தண்டனை. முகத்தை மீட்பதே அவனுடைய போராட்டம்.

1940: சின்னப்பாவின் உத்தம புத்திரன்

ஆலிவுட் படம் வெளிவந்த அடுத்த ஆண்டிலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தமிழ்ப் படத்தை வெளியிட்டது. தயாரித்து இயக்கியவர் டி. ஆர். சுந்தரம். சின்னப்பாவுடன் எம். வி. இராஜம்மா, டி. எஸ். பாலையா, என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகியோர் நடித்தனர். இசை ஜி. இராமநாதன். ஒரே நடிகர் இரு வேடங்களில் தோன்றிய முதல் தமிழ்ப் பேசும்படமாக இது கருதப்படுகிறது.

புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா 1916 மே 5 அன்று பிறந்தவர். தந்தையும் நாடக நடிகர். சிறுவயதிலேயே நாடகக் குழுக்களில் சேர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்று பெயர் பெற்றார். 1936 இல் 'சந்திரகாந்தா' வழியாகத் திரைக்கு வந்தார். பாடகராகவும் நடிகராகவும் இருந்ததோடு சிலம்பம், மல்யுத்தம் போன்ற கலைகளிலும் பயிற்சி பெற்றிருந்தார். வாள்வீச்சுக் கதை ஒன்றில் இரு வேடங்களையும் தாங்கி, பாடல்களையும் தாமே பாட வல்ல ஒருவர் அந்நாளில் வேண்டியிருந்தது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத காலம் அது; பாடத் தெரியாதவர் நாயகனாவது அரிது. எம். கே. தியாகராஜ பாகவதர் பாட்டில் ஒப்பற்றவராக இருந்தாலும் சண்டைக் காட்சிகள் அவருக்குரிய களம் அல்ல. இவ்விரண்டையும் ஒருவரிடமே கண்டதால்தான் சின்னப்பா இக்கதைக்குப் பொருந்தினார்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமத்தானம். 1948 மார்ச்சு 3 அன்றுதான் அது இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1974 இல் தனி மாவட்டமானது. அரண்மனை, திவான், அரசு விழா ஆகியவை சின்னப்பா வளர்ந்த ஊரில் கதைப்பொருள் அல்ல, அன்றாடக் காட்சிகள். திரையில் பலமுறை மன்னர் வேடம் தாங்கிய இவர், ஈட்டிய பொருளைக் கொண்டு புதுக்கோட்டையில் வீடுகளை வாங்கிக் குவித்ததாகவும், இனி இவருக்கு வீடு விற்கக் கூடாது என்று அரசரே தடை விதித்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. உண்மையோ கதையோ, திரையில் முடிசூடியவருக்கும் ஊரில் முடிசூடியவருக்கும் இடையே நடந்த போட்டியாக ஊரார் அதனை நினைவில் வைத்துள்ளனர்.

இரு சின்னப்பாக்களும் ஒரு படக்கருவியும்

இரட்டை வேடம் இன்று கணினியால் எளிதாகிவிட்டதால், 1940 இல் அது எத்தகைய வேலை என்பதை விளக்க வேண்டியுள்ளது. ஒருவர் முகத்தையும் மற்றவர் முதுகையும் காட்டும் காட்சிகளுக்கு உருவ ஒற்றுமை கொண்ட மாற்று நடிகரே போதும். இரு முகங்களும் ஒருசேரத் தெரிய வேண்டிய காட்சிகளில்தான் சிக்கல். இதற்குப் படக்கருவியின் வில்லைக்கு முன்னால் பாதியை மறைக்கும் கருந்தகடு ஒன்றை வைப்பர். நடிகர் திறந்த பாதியில் நின்று நடிப்பார். படச்சுருளின் மறைக்கப்பட்ட பாதியில் ஒளி படாது. பின் சுருளை முன்பிருந்த இடத்திற்கே சரியாகப் பின்னோக்கிச் சுற்றி, தகட்டை மறுபுறம் மாற்றி, நடிகர் உடை மாற்றி வந்து அடுத்த பாதியில் நடிப்பார். தொழிலில் இத்தகட்டின் பெயரும் 'மாஸ்க்', அதாவது முகமூடி என்பது பொருத்தமான தற்செயல்.

இதில் பிழைக்கு இடமில்லை. படக்கருவி மயிரிழையும் அசையக் கூடாது. இரு முறையும் வெளிச்சம் ஒன்றாக இருக்க வேண்டும். நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை துண்டிக்கப்பட்டதுபோல் மறைந்துவிடும். எல்லாவற்றையும் விடக் கடினமானது நேரம்: எதிரில் இல்லாத ஒருவரின் பேச்சுக்கு, அவர் பேசி முடிக்கும் நொடி அறிந்து மறுமொழி கூற வேண்டும். இரண்டாம் முறை தவறினால் முதல் முறை நடித்ததும் வீண். நாடகக் கொட்டகையில் இரவு முழுவதும் ஆடிப் பழகிய நடிகரிடம் இருந்த நேர உணர்வு இங்குப் பயன்பட்டது.

சின்னப்பா இதோடு நிற்கவில்லை. 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தின் பாடல் காட்சி ஒன்றில் பாடுபவரும் பக்கவாத்தியம் வாசிப்பவர்களுமாக ஐந்து சின்னப்பாக்கள் ஒரே அரங்கில் அமர்ந்து கச்சேரி செய்தனர். கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையும் அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் வாழ்ந்த புதுக்கோட்டையின் லயக் கலை மரபை அறிந்தவர்களுக்கு, அவ்வூர்க்காரர் ஒருவர் தாள வாத்தியக்காரராகவும் தோன்றியது இயல்பாகவே பட்டிருக்கும். இக்காட்சியின் சாயலைத் 'திருவிளையாடல்' (1965) படத்தில் சிவாஜி கணேசன் பல உருவங்களில் பாடி வாசிக்கும் காட்சியில் காணலாம்.

1951 செப்டம்பர் 23 அன்று, 35 ஆம் வயதில், சின்னப்பா காலமானார்.

1958: சிவாஜியின் உத்தம புத்திரன்

வீனஸ் பிக்சர்ஸ் தயாரித்த இப்படம் 1958 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்கம் டி. பிரகாஷ் ராவ், கதை வசனம் ஸ்ரீதர், ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். பத்மினி, எம். என். நம்பியார், பி. கண்ணாம்பா, கே. ஏ. தங்கவேலு, இராகினி ஆகியோர் நடித்தனர். இசையமைப்பாளர் இம்முறையும் ஜி. இராமநாதனே. ஒரே கதைக்கு, பதினெட்டு ஆண்டு இடைவெளியில், இரு தலைமுறை நாயகர்களுக்காக ஒருவரே இருமுறை இசையமைத்தது அரிய நிகழ்வாகும். முதல் முறை பாடும் நடிகருக்காக மெட்டமைத்தவர், இரண்டாம் முறை டி. எம். சௌந்தரராஜனின் குரலைச் சிவாஜியின் உதட்டசைவுக்குப் பொருத்தினார்.

இக்கதையில் அரசிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. அரசியின் உடன்பிறந்தவனான நாகநாதன் ஒரு குழந்தையை ஒழித்துவிட முயல்கிறான். அது தப்பி, அரண்மனைக்கு வெளியே பார்த்திபனாக வளர்கிறது. அரண்மனையில் வளரும் விக்கிரமனை நாகநாதன் மதுவிலும் மங்கையரிலும் மூழ்கச் செய்து, ஆட்சியைத் தன் கையில் வைத்துக் கொள்கிறான். பார்த்திபன் பிடிபட்டு இரும்பு முகமூடி பூட்டப்படுவது கதையின் பிற்பகுதியில் நிகழ்கிறது.

பிரெஞ்சுக் கதையோடு ஒப்பிடும்போது இரு மாற்றங்கள் முதன்மையானவை. முதலாவது, வில்லன் தாய்மாமன் ஆனது. ஃபூக்கே ஓர் அதிகாரி. அவருக்கும் அரசனுக்கும் இரத்த உறவு இல்லை. தமிழ்க் குடும்பத்தில் தாய்மாமன் என்பவர் பிறந்த குழந்தையைத் தூக்கிச் சீர் செய்யும் உரிமையுடையவர். சகுனியின் கதையை அறிந்த மக்களுக்கு, அந்த உரிமையே கேடாக முடிவதும் புதிதல்ல. ஆகவே அரண்மனைச் சூழ்ச்சியை விளக்க இவர்களுக்கு அரசியல் தேவைப்படவில்லை; 'மாமன் வளர்ப்பு' என்ற ஒன்றே போதுமானதாயிற்று.

இரண்டாவது மாற்றம் தாய். வேலின் படத்தில் இரட்டையரைப் பிரிப்பது அரசியல் முடிவு. வாரிசுச் சண்டை கூடாது என்பதே காரணம். தமிழில் அது ஒரு தாய்க்கு இழைக்கப்பட்ட தீங்கு. எனவே கதை முடிவதற்குப் பார்த்திபன் முடிசூடுவது மட்டும் போதாது. தாய் தன் மகனை அறிந்துகொள்ள வேண்டும். இரு முகங்களும் ஒன்றாயிருக்க, எவன் உத்தமன் என்று அறியும் உரிமை அவளுக்கே உண்டு. அத்தாயாக நடித்த கண்ணாம்பா, 1942 ஆம் ஆண்டின் 'கண்ணகி'யில் சின்னப்பாவின் கோவலனுக்குக் கண்ணகியாக நடித்தவர். முதல் உத்தம புத்திரனின் நாயகி ஒருவரே இரண்டாம் உத்தம புத்திரனுக்குத் தாயானார்.

நடிப்பில் சிவாஜியின் சாதனை விக்கிரமனே ஆகும். பார்த்திபன் நற்குணம் நிறைந்த வழக்கமான நாயகன். அவனை வேறு சிலரும் செய்திருக்கக் கூடும். விக்கிரமனோ கொடுமையைச் சுமையாக அல்லாமல் விளையாட்டாகச் செய்கிறான். நடை, தோளைக் குலுக்குதல், தலையைச் சாய்த்து நகைத்தல் ஆகியவற்றால் அவன் வேறுபடுகிறான். ஹெலன் ஆடும் பாடல் காட்சியில் மேனாட்டு அசைவுகளோடு அவன் கைதட்டி ஆடுவது இன்றும் பேசப்படுகிறது. உத்தம புத்திரன் என்று பெயரிட்ட படத்தில் உத்தமன் அல்லாதவனே நினைவில் நிற்பது இப்படத்தின் முரண். முகமூடி தேவைப்படாத அளவுக்கு, நடிப்பே இருவரையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஒளிப்பதிவில், காட்சியை அண்மைப்படுத்தியும் தொலைவாக்கியும் காட்டும் ஜூம் வில்லையைப் பயன்படுத்திய முதல் தமிழ்ப்படம் என இது குறிப்பிடப்படுகிறது. முன்னைய படத்தில் படக்கருவி அசையாதிருப்பதே விந்தைக்கு அடிப்படை. பின்னைய படத்தில் அசைவே புதுமை. தகட்டு முறையில் எடுக்கும் இரட்டை வேடக் காட்சிகளில் ஜூம் வில்லைக்கு இடமில்லை என்பதால், புதுமை பிற காட்சிகளுக்கே பயன்பட்டது.

சின்னப்பாவின் வேடங்கள் சிவாஜியை அடைந்தது இது ஒருமுறை மட்டுமன்று. 'ஆர்யமாலா' (1941) படத்தில் சின்னப்பா நடித்த காத்தவராயன் வேடத்தைச் சிவாஜி அதே 1958 ஆம் ஆண்டில் 'காத்தவராயன்' படத்திலும், 'ஹரிச்சந்திரா' (1944) வேடத்தை 1968 ஆம் ஆண்டிலும் ஏற்றார். இதனால் சின்னப்பாவின் புகழ் ஓரளவு மங்கியது என்றே கூற வேண்டும். பிற்கால மக்களுக்கு இக்கதைகள் சிவாஜியின் முகத்தோடே அறிமுகமாயின.

நாடோடி மன்னன்

வீனஸ் பிக்சர்ஸ் இப்பெயரில் படத்தை அறிவித்த வேளையிலேயே எம். ஜி. இராமச்சந்திரனும் 'உத்தம புத்திரன்' என்ற பெயரில் தாம் இரட்டை வேடத்தில் நடிக்கும் படத்திற்கு விளம்பரம் செய்தார். பின்னர் அவர் விலகிக் கொண்டார். முதல் படத்தில் நடித்த என். எஸ். கிருஷ்ணன் இதில் நடுநின்று அறிவுரை கூறியதாகச் சொல்லப்படுகிறது. எம். ஜி. ஆர். தாமே தயாரித்து இயக்கி 1958 ஆகஸ்டில் வெளியிட்ட 'நாடோடி மன்னன்' படமும் உருவ ஒற்றுமைக் கதையே.

ஆனால் வேறுபாடு பெரிது. மார்த்தாண்டனும் வீராங்கனும் உடன்பிறந்தவர்கள் அல்லர். பார்த்திபன் குடிசையில் வளர்ந்தாலும் அரச இரத்தம். அவன் அரியணை ஏறுவது தனக்குரியதைத் திரும்பப் பெறுவதே. வீராங்கனுக்கு அவ்வுரிமை எதுவுமில்லை. சாதாரணக் குடிமகன் மன்னனின் இடத்தில் அமர்ந்து மக்களுக்குச் சட்டம் இயற்றுகிறான். சமத்தானங்கள் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த நிலையில், ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு படங்களும் 'யார் ஆளலாம்' என்னும் கேள்விக்கு இரு விடைகளைத் தந்தன. ஒன்று நல்ல மகன் என்றது. மற்றது நல்ல குடிமகன் என்றது. இரண்டாம் விடையைத் திரையில் தந்தவர் 1977 இல் தமிழக முதலமைச்சரானார்.

டூமாவின் மற்றோர் இரட்டையர் கதையும் தமிழுக்கு வந்துள்ளது. 'கார்சிகச் சகோதரர்கள்' என்னும் கதை ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949) படத்தில் எம். கே. ராதாவாலும், 'நீரும் நெருப்பும்' (1971) படத்தில் எம். ஜி. ஆராலும் நடிக்கப்பட்டது. அதில் இரட்டையர் இருவரும் நல்லவர்களே. ஒருவர் வலியை மற்றவர் உணர்வார்.

இம்சை அரசன் 23ம் புலிகேசி

கேலிச்சித்திரக் கலைஞராக இருந்த சிம்புதேவன் இயக்கி 2006 இல் வெளிவந்த இப்படம், வடிவேலுவை இரட்டை வேடத்தில் வைத்து உத்தம புத்திரன் கதையைக் கேலியாக மறுவாக்கம் செய்தது. தாய்மாமன் (நாசர்), பிரிக்கப்பட்ட குழந்தை, ஏங்கும் தாய் (மனோரமா) என 1958 ஆம் ஆண்டுப் படத்தின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன. விக்கிரமனின் கவர்ச்சியான தீமை இங்குப் புலிகேசியின் மடமையாகிறது. ஆங்கிலேயருக்குக் கைப்பாவையாக இருக்கும் பாளையத்து அரசன் என்பது புதிதாகச் சேர்ந்த கூறு. கொடியவன் அழிந்தாக வேண்டும் என்ற விதியும் இதில் இல்லை, புலிகேசி திருந்துகிறான். சிரிப்புப் படமே ஆயினும், வளர்ப்பினால் கெட்டவன் வளர்ப்பினால் திருந்தவும் கூடும் என்பதை முந்தைய இரு படங்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெயர் ஒற்றுமை

தனுஷ் நடித்து, மித்ரன் ஜவகர் இயக்கி 2010 இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்திற்கும் மேற்கண்ட கதைக்கும் தொடர்பில்லை. அது 'ரெடி' (2008) என்னும் தெலுங்குப் படத்தின் மறுவாக்கமாகும். பெயர் மட்டுமே பழைய படங்களினுடையது.